அம்மாவின் நாக்கை அளந்த கிளினிக்

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக நடந்த சண்டையெல்லாம் உப்பால் வந்த சண்டைதான். அம்மா வைக்கிற பால்சொதி ஒரு நாள் சரியாக இருக்கும், அடுத்த நாள் வாயில் வைக்க ஏலாது. அப்பாவுக்குப் பிரஷர். உப்புக் கூடினால் அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிடுவார், அம்மா குசினிக்குள் போய் அழுவார். நானும் தங்கச்சியும் எத்தனையோ தரம், "பாத்துப் போடுங்கோ அம்மா" என்று சினந்திருக்கிறோம். அதை இப்போது நினைத்தால் நெஞ்சு சுடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இடது பக்கம் எதைப் போட்டாலும் சில்லறைக் காசைச் சப்புகிற மாதிரி இருக்கிறது, வாய்க்கு ஒன்றும் ருசிக்குதில்லை என்று. நாங்கள் என்ன செய்தோம்? வயது போனால் அப்படித்தான் என்றோம். மாமி வேப்பம்பூ வடகம் பொரித்துக் கொண்டுவந்து கொடுத்தார், நாக்கு திறக்கும் என்று. பாமசியில் சிங்க் குளிசை வாங்கிக் கொடுத்தோம், மூன்று போத்தல் முடிந்தது, ஒரு மாற்றமும் இல்லை. சிங்க் குறைந்தாலும் சுவை மங்கும் என்பது உண்மைதான், ஆனால் குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் விழுங்குவது வேறு விஷயம். கண் தெரியவில்லை என்றால் அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போகிற நாங்கள், சுவை தெரியவில்லை என்று ஒரு மனுசி இரண்டு வருடம் சொல்லியும் அதை அளந்து பார்க்கலாம் என்று யோசிக்கவில்லை.

அளக்கலாம். யாழ்ப்பாண நகருக்குள் ஒரு தனியார் கிளினிக்கில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவர் செய்கிறார் என்று என்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளைதான் சொன்னது. கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நிறையும் சொல்லப் போகிறேன், இரண்டும் அந்தப் பரிசோதனையைப் பற்றியதாக இருக்கட்டும்.

முதல் குறையை முதலே சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் இலக்கம் எடுத்தபோது, வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. பல்லும் தீட்டக்கூடாதாம். இணுவிலில் இருந்து ஓட்டோவில் வரும்போது அம்மா வழமை போல வெத்திலை போட்டுக்கொண்டு வந்தார். நேர்ஸ் பிள்ளை வாயைப் பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா, இதோட செய்யேலாது" என்று வாயைக் கழுவச் சொல்லி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளிக் கதிரையில் இருத்தி வைத்தார். செய்தது சரிதான், சுண்ணாம்பும் பாக்கும் படிந்த நாக்கில் அளந்தால் வருகிற கணக்குப் பிழைக்கும். ஆனால் அதை முதலே ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த ஒரு படத்தை. நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கைப்பு என்று பங்கு பிரித்துக் காட்டுகிற அதே படம். நாங்களும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படித்தோம். அது பிழை. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மன்காரர் நாக்கின் இடத்துக்கு இடம் உணர்வில் சிறு வித்தியாசம் இருப்பதாக எழுதினார், 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் அதை வரைபடமாக்கியபோது அந்தச் சிறு வித்தியாசம் பெரிய பிரிவாகத் தெரிந்துவிட்டது, பிறகு அதுவே பாடப்புத்தகங்களில் பரவிவிட்டது. சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். சுவையை அளக்கிற இடத்திலேயே அந்தப் படம் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, டொக்டரிடமே சொன்னேன். மருந்துக் கொம்பனி தந்தது, கழற்றுகிறேன் என்றார். மூன்று மாதம் கழித்துப் போனபோது கழற்றித்தான் இருந்தது.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். மெசின், ஊசி, இரத்தம் ஒன்றும் இல்லை. ஐஸ்கிரீம் குச்சி அளவு நீளத்தில் மெல்லிய வெள்ளைத் தாள் பட்டிகள், சின்னக் குழாய்களில் போட்டு மூடியிருக்கும். ஒவ்வொரு பட்டியின் நுனியும் ஒரு கரைசலில் தோய்த்து உலர்த்தியது. இனிப்புக்குச் சீனி, புளிப்புக்குச் சித்திரிக்கமிலம், உப்புக்கு உப்பேதான், கைப்புக்குக் குயினைன். ஒவ்வொன்றிலும் நான்கு அளவு, மெத்த மெல்லியதில் இருந்து கடுமையானது வரை, ஆக 16 பட்டி. உப்பில் ஆகக் கூடின பட்டிக்குப் பாவிக்கிற கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்குக் கால் கிராம் உப்பு, அதாவது கடல்தண்ணீரைப் போல ஏழு மடங்கு. ஆகக் குறைந்தது கடல்தண்ணீரில் ஏறக்குறைய அரைவாசி. பட்டி ஜேர்மனியில் செய்தது, திகதி முடிந்ததா என்று கேட்டேன், நேர்ஸ் பிள்ளை முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். இந்த முறை 2003இல் இருந்து மருத்துவத்தில் புழக்கத்தில் இருக்கிறது, புதுச் சரக்கு இல்லை.

அம்மாவை நாக்கை நீட்டச் சொல்லி, நுனியில் இருந்து விரல்கடை தள்ளி இடது ஓரத்தில் ஒரு பட்டியை வைத்தார். நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது, வாயை மூடக்கூடாது, முன்னால் இருக்கிற அட்டையில் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இழுத்தால் எச்சிலோடு மற்றப் பக்கத்துக்கும் போய்விடும், பிறகு எந்தப் பக்கம் சொன்னது என்று தெரியாது. ஒவ்வொரு பட்டிக்குப் பிறகும் ஒரு மிடறு தண்ணீரால் கொப்புளிப்பு. இடது, வலது என்று மாறி மாறி, மொத்தம் 32 பட்டி. அம்மாவுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

முதல் நாலைந்துக்கும் அம்மா கையை விரித்தார். "இது வெறுந்தாள் பிள்ளை, ஒண்டும் தெரியேல்ல." நேர்ஸ் பிள்ளை, "தெரியாட்டிலும் பரவாயில்லை அம்மா, மனசுக்குப் பட்ட ஒண்டைத் தொடுங்கோ" என்றார். அதுதான் இந்தப் பரிசோதனையின் சூட்சுமம் என்று பிறகு விளங்கியது. தெரியாது என்று விட்டால் பயந்தவர் குறைவாகவும் துணிந்தவர் கூடவும் சொல்லுவார், நாக்கை அளக்காமல் குணத்தை அளந்ததாகப் போய்விடும். நான்கில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே நீதி.

ஆனால் அந்த அட்டைதான் இரண்டாவது குறை. ஆங்கிலத்தில் நான்கு சொல், கீழே தமிழில் யாரோ எழுதி ஒட்டியது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு. அம்மாவுக்கு உவர் என்றால் கிணறு உவராய்ப் போவது, கடற்கரைப் பக்கம் தண்ணீர் குடிக்க ஏலாமல் இருப்பது. கறிக்குப் போடுவது உப்பு. இரண்டும் அவருக்கு ஒன்றில்லை. அதே மாதிரி கசப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லுவதில்லை, பாகற்காய் கைக்கும். முதல் இரண்டு உப்புப் பட்டிக்கும் விரல் அட்டைக்கு மேல் அலைந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு நான்தான் குறுக்கிட்டேன். நேர்ஸ் பிள்ளை உடனே பேனையால் உப்பு, கைப்பு என்று எழுதிவிட்டு, அந்த இரண்டு பட்டியையும் புதிதாக எடுத்துத் திரும்பச் செய்தார். நல்ல மனம். இருந்தாலும் நான் கூடப் போயிராவிட்டால்? சொல் விளங்காத பிழையை நாக்கின் பிழையாக எழுதியிருப்பார்கள். உலகம் முழுக்கவே புளிப்பையும் கைப்பையும் சனம் மாறிச் சொல்லுவது வழமை என்று டொக்டர் சொன்னார், அதற்கு மேல் ஊர்ச்சொல்லாலும் ஒரு குழப்பம் சேரக்கூடாது.

நடுவில் ஒரு இடம். வலது பக்கத்தில் ஆகக் கடுமையான குயினைன் பட்டி வைத்தவுடன் அம்மாவின் கண் விரிந்தது. தொட்டுக் காட்டிவிட்டு, கொப்புளித்துவிட்டுச் சொன்னார்: "இது வன்னியில போட்ட மலேரியாக் குளிசை." 95இல் இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் இருந்தபோது அம்மாவுக்கு மலேரியா வந்தது, அப்போது போட்டது குளோரோகுயின், அதுவும் குயினைன் மாதிரியே கைக்கிற சாமான். இத்தனை வருடம் கழித்து ஒரு தாள் துண்டு அதை எழுப்பிவிட்டது. நேர்ஸ் பிள்ளைக்கு அந்தக் காலம் தெரிந்திருக்க வயதில்லை, ஆனாலும் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா சொல்லி முடிக்கும் வரை அவசரப்படாமல் நின்றார்.

றிப்போட் கையில் வந்தபோது: வலது 16க்கு 10. இடது 16க்கு 4. ஒரு பக்கத்துக்கு 9இற்குக் கீழே போனால் குறைவு என்று எடுக்கிறார்கள். அந்த 4 என்ற எண்ணை டொக்டர் பேனையால் சுற்றிக் காட்டி ஒரு விஷயம் சொன்னார், அதுதான் எனக்கு மறக்காது. நான்கு சொல்லில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக நான்குக்கு ஒன்று சரி வரும், அதாவது 16க்கு 4. அம்மாவின் நாக்கின் இடது பக்கம் ஒன்றுமே சொல்லவில்லை, அவர் குருட்டுவாக்கில் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உப்பில் இடது பக்கம் நான்குக்கு 0. கடல்தண்ணீரைவிட ஏழு மடங்கு உப்பான கரைசலில் தோய்த்த பட்டியைப் புளிப்பு என்று தொட்டிருக்கிறார்.

டொக்டர் கேட்ட அடுத்த கேள்வி: "இடது காதில் ஏதும் ஒப்பரேசன் செய்ததோ?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செய்தது. மூன்று வருடத்துக்கு முன்னர், காதில் சீழ் வடிந்து வடிந்து சவ்வு ஓட்டையாகி, வேறோர் இடத்தில் சவ்வு ஒட்டினார்கள். காது இப்போது நன்றாகக் கேட்கிறது. நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை கொண்டுபோகிற நரம்பு, கோர்டா டிம்பனி என்று பெயர், அது போகிற வழி நடுக்காதுக்குள்ளால். சம்மட்டியுரு, பட்டையுரு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சின்ன எலும்புகள் இரண்டுக்கும் இடையால், செவிப்பறைக்குப் பின்பக்கத்தால் ஒரு நூல் மாதிரி ஓடுகிறது. காதுக்குள் வேலை செய்யும்போது அதை விலக்க வேண்டி வரும், சில வேளை இழுபடும், சில வேளை வெட்டுப்படும். அப்படிப் பட்டால் அந்தப் பக்கத்து நாக்கில் சுவை குறையும், இரும்புக் குணம் மாதிரி ஒன்று வரும். சில்லறைக் காசு!

ஒப்பரேசன் செய்தவர்களில் எனக்குக் கோபம் இல்லை, காதைக் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் கையெழுத்து வாங்கும்போது இதையும் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அம்மா இரண்டு வருடம் தன் வாயைத் தானே சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

அதோடு டொக்டர் கதையை முடிக்கவில்லை, அதுதான் இந்த மனிதரில் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் போனாலும் மற்றப் பக்கமும், நாக்கின் அடிப்பக்கத்துக்கு வருகிற வேறு நரம்பும் சேர்ந்து பெரும்பாலும் ஈடு செய்துவிடும், பலருக்குத் தாங்கள் ஒரு பக்கச் சுவையை இழந்ததே தெரியாது, ஆகவே இது மட்டும் உங்கள் சொதியைக் கெடுத்திராது என்றார். என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்று பையைக் கொட்டச் சொன்னார். தும்மலுக்கு என்று அம்மா ஒவ்வொரு இரவும் போடுகிற குளோர்பெனிரமின் அதற்குள் இருந்தது. அது வாயைக் காயப்பண்ணும். உப்போ சீனியோ எச்சிலில் கரைந்தால்தான் சுவை மொட்டுக்குள் போகும், காய்ந்த நாக்கில் சும்மா கிடக்கும். அதை நிறுத்தி, மூக்குக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்று எழுதினார், தண்ணீர் அடிக்கடி குடிக்கச் சொன்னார். நரம்பைப் பற்றிக் கேட்டதற்கு, இழுபட்டிருந்தால் மாதக்கணக்கில் தானாகத் தேறியிருக்கும், மூன்று வருடமாகிவிட்டது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று நேரே சொன்னார்.

மூக்கையும் பார்த்தார்கள். சுவை போய்விட்டது என்று வருகிற ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குப் போயிருப்பது மணம்தானாம், கொரோனாக் காலத்தில் எங்களில் எத்தனை பேர் அப்படித் தடுமாறினோம். தோடம்பழ இனிப்பு ஒன்றை எனக்குத் தந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சப்பச் சொன்னார். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரிந்தது, தோடம்பழம் இல்லை. கையை எடுத்ததும் தோடம்பழம் பின்வாசலால் வந்த மாதிரி மூக்குக்குள் ஏறியது. அம்மாவுக்குப் பேனை மாதிரி 12 மணக்குச்சி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. 12க்கு 9 எடுத்தார், வயதுக்குப் பரவாயில்லையாம். அதிமதுரத்தை மணந்த கையோடு சொன்னார், தோல் மணத்தை விட்டுவிட்டார். அதிமதுரம் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது, தோல் சாமான் யாரிடம் இருக்கிறது? இதையும் எங்கள் ஊர் மணங்களோடு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, கருவாடு என்று செய்தால் எவ்வளவு நல்லது.

இந்தப் பரிசோதனை பார்க்காத சுவையும் இருக்கிறது. நாங்கள் ஆறு சுவை என்று சொல்லிப் பழகியவர்கள். உறைப்பும் கயரும் பட்டியில் இல்லையே என்று கேட்டேன். மிளகாயின் உறைப்பு சுவை நரம்பால் வருவதில்லை, சூட்டையும் நோவையும் சொல்கிற நரம்பால் வருவது, அதுதான் கையில் பட்டாலும் எரிகிறது. வாழைப்பூவின் கயரும் பெரும்பாலும் வாயைப் பிடிக்கிற உணர்வுதானாம். 1908இல் ஜப்பானில் இக்கேடா என்பவர் கண்டு சொன்ன உமாமியும், அதாவது மீன், இறைச்சிச் சாற்றில் வருகிற அந்த ருசியும், இந்த 16இல் சேரவில்லை. கூழுக்குள் இறாலும் நண்டும் போடுகிற எங்களுக்கு அது முக்கியம்தான், ஆனால் அம்மாவின் பிரச்சினைக்கு உப்பைப் பார்த்தது காணும். நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கிற கருவியும் உண்டு, இந்தக் கிளினிக்கில் இல்லை.

செலவு: டொக்டருக்கும் இரண்டு பரிசோதனைக்கும் சேர்த்து 8500 ரூபா, ஓட்டோ வேறு. எங்களுக்குப் பெரிய காசுதான். ஆனால் அந்த மூன்று போத்தல் சிங்க் குளிசையையும் வந்து போன மற்றச் செலவுகளையும் கூட்டிப் பார்த்தால் அதைவிடக் கூட வருகிறது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்தோம். இடது பக்கம் 5, அதாவது அப்படியேதான். வலது பக்கம் 10இல் இருந்து 12. வாய் ஈரமானதுதான் காரணம் என்றார் டொக்டர். இப்போது அம்மா கை அளவில் உப்புப் போடுவதில்லை. தட்டையாய்த் தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அதற்குள் நில்லுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுகிறது, அதற்குள் பாணும் கருவாடும் ஊறுகாயும் அடங்கும். ஆகவே சொதிக்கு இவ்வளவு, குழம்புக்கு இவ்வளவு என்று தங்கச்சி உப்புப் போத்தல் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறாள். முதல் கிழமை அம்மாவுக்குச் சரியான கவலை, நாற்பது வருடம் சமைத்த கைக்குக் கரண்டியா என்று. பிறகு ஒரு நாள் அப்பா இரண்டாம் தரம் சொதி கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் ஊற்றினார், ஆனால் அன்றைக்கு மத்தியானம் முழுக்க றேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

வருகிற புதன் மாமியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவருக்கும் போன வருடம் காதில் ஒப்பரேசன், அவரும் கறி ருசிக்குதில்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். ஓட்டோவுக்குள் வெத்திலைப் பையை எடுக்கக்கூடாது என்று அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.